உள்ளே யார் போவது? தனியாகவா, தம்பதியாகவா, குடும்பமாகவா: கவுன்சிலிங்கில் எது யாருக்கு

ஆலங்குளத்துப் பக்கமிருந்தோ வீரவநல்லூரிலிருந்தோ பாளையங்கோட்டைக்கு மனநல ஆலோசனைக்கு வரும் காரில் ஒருவர் மட்டும் வருவது அபூர்வம். பிள்ளை, அம்மா, அப்பா, தாய்மாமா, சில நேரம் சம்பந்தாரும் வந்து இறங்குவார்கள். வரவேற்பில் “யாருக்குப் பார்க்கணும்?” என்று கேட்டால் நாலு பேரும் ஒரே ஆளைக் கைகாட்டுவார்கள். அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். “அவ ஒண்ணும் பேச மாட்டா, நான் சொல்லுதேன்” என்று மாமா ஆரம்பித்துவிடுவார்.

எந்த டாக்டர், எவ்வளவு ஃபீஸ், எத்தனை தடவை என்றெல்லாம் விசாரித்துவிட்டு வருகிறவர்கள்கூட, உள்ளே யார் உட்கார வேண்டும் என்பதை யோசிப்பதில்லை. தனிநபர் சிகிச்சை, தம்பதி சிகிச்சை, குடும்ப சிகிச்சை மூன்றுமே பேச்சின் வழியாக நடப்பவைதான். ஆனால் ஒவ்வொன்றிலும் வேலை நடக்கும் விதம் வேறு, கால அளவு வேறு, செலவு வேறு, கெட்டுப்போகும் வழியும் வேறு. ஆள் மாறி உட்கார்ந்தால் பலன் இல்லாமல் போவதோடு நிற்பதில்லை. சில வீடுகளில் இருந்ததைவிட மோசமாகிறது.

இந்த மூன்றில் எதற்கும் முன்னால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைமைகள் உண்டு. யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, அக்கம்பக்கத்தார் சதி செய்கிறார்கள் என்ற உறுதியான சந்தேகம், மூன்று நாலு நாள் தூங்காமலேயே களைப்பில்லாமல் ஓடியாடிப் பணத்தை வாரி இறைப்பது, பிரசவமான முதல் சில வாரங்களில் தாய் குழம்பிப் பேசுவது: இவற்றுக்கு மருந்துதான் முதலில், பேச்சு பிறகு. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், உளறல், இல்லாத உருவம் தெரிவது, வலிப்பு எல்லாம் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. “மனசைக் கட்டுப்படுத்தச் சொல்லுங்க” என்று அவரைக் கவுன்சிலிங்குக்குக் கூட்டி வரக்கூடாது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சோர்வும் படபடப்பும் மட்டும் இருந்தாலும் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனை ஒரு தடவை செய்துவிடுவது நல்லது. தைராய்டு குறைந்திருக்கிற பெண்ணுக்குப் பத்து வாரம் மனச்சோர்வு ஆலோசனை கொடுத்த பிறகு அது தெரியவந்தால் பத்து வாரமும் பணமும் வீண்.

சாகலாம் என்ற பேச்சு இருந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) இரவில் போனாலும் அவசரப் பிரிவில் பார்ப்பார்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஏற்கெனவே முயன்று பிழைத்தவரைப் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக அவர்மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக்கூடாது என்கிறது. மறைப்பதால் சிகிச்சைதான் தள்ளிப்போகிறது.

தனியாக உட்கார்வது

பயம், பதற்றம், மனச்சோர்வு, திரும்பத் திரும்பக் கழுவுதல், இழவு வீட்டிலிருந்து மீளாத துக்கம், சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமை, பரீட்சைப் பயம்: இவை ஒருவருக்குள் வேர்விட்டவை, தனியறையில்தான் இவற்றைப் பேச முடியும். வாரம் ஒருமுறை, 45 முதல் 50 நிமிடம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற முறையில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பொதுவாக 12 முதல் 20 அமர்வு பிடிக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். நாங்குநேரியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பஸ் ஏறினால் நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, ‘ஹார்ட் அட்டாக்’ என்று இறங்கி ஓடும் ஒருவர். இசிஜி சரியாக இருக்கிறது, எக்கோவும் சரி. முதல் இரண்டு அமர்வில் அந்தப் படபடப்பு உடம்பில் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று புரியவைப்பார்கள். அடுத்து ஒரு ஏணி எழுதுவார்கள்: நிற்கும் பஸ்ஸில் உட்கார்வது 20 மதிப்பெண் பயம், வண்ணார்பேட்டையில் ஏறிச் சில நிறுத்தம் தள்ளி இறங்குவது 40, கூட்ட நேரத்தில் ஊர்வரை போவது 80 என்று. கீழ்ப்படியில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் பயம் தானாகப் பாதியாவது இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிட்டால் ‘இறங்கினதால்தான் பிழைத்தேன்’ என்று மனசு படித்துக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் கஷ்டம். கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் மாத்திரை, போனில் அம்மா என்று துணை வைத்துக்கொண்டு செய்தாலும் இதே கதிதான். வாரத்துக்கு ஐந்து நாள் வீட்டில் பயிற்சி செய்கிறவருக்கும் அமர்வுக்கு மட்டும் வந்துபோகிறவருக்கும் ஆறே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

தனிநபர் சிகிச்சை என்றாலும் வீட்டாரை முழுக்க வெளியே நிறுத்த முடியாத இடம் ஒன்று உண்டு. கழுவுதல் நோய் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மகள் கை கழுவிக் கழுவித் தொட்டி காலியாகிறது. அம்மா மோட்டாரைப் போட்டுக் கொடுக்கிறார், சோப்பு வாங்கி அடுக்குகிறார், “சுத்தமாயிட்டு தாயி” என்று இருபது தடவை சொல்கிறார். அன்பினால் செய்வதுதான் அத்தனையும். ஆனால் ஒவ்வொரு ‘சுத்தமாயிட்டு’வும் நோய்க்குத் தீனி. மகள் அறைக்குள் கற்றுக்கொள்வதை அம்மா வீட்டில் தெரியாமலே அவிழ்த்துக்கொண்டிருப்பார். அதனால் 15 அமர்வில் இரண்டு மூன்றில் அம்மாவையும் உட்காரவைத்து, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை எந்த வாரத்திலிருந்து நிறுத்துவது என்று தேதி போட்டுப் பேச வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் வீடு போர்க்களமாகும்.

தனியறை கெட்டுப்போவது எங்கே என்றால், பிரச்சினை இரண்டு பேருக்கு நடுவில் இருக்க, ஒருவரை மட்டும் ‘சரிபண்ண’ அனுப்பும்போது. மருமகளை மட்டும் கூட்டிவந்து “எடுத்ததுக்கெல்லாம் கோவப்படுதா, கொஞ்சம் பொறுமை சொல்லிக் குடுங்க” என்பார்கள். அவள் மூன்று மாதம் வந்து மூச்சுப்பயிற்சி கற்றுக்கொண்டு போவாள். சம்பளக் கவரை மாமியார் கையில் கொடுத்துவிட்டு இவளிடம் கேள்வி கேட்கும் கணவரின் வழக்கம் அப்படியே இருக்கும். இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு: ஒரு தரப்பை மட்டுமே வாரவாரம் கேட்கும் ஆலோசகர், நேரில் பார்த்திராத கணவரைப் பற்றி ஒரு சித்திரம் வரைந்துகொண்டு, தெரிந்தோ தெரியாமலோ பிரிவை நோக்கித் தள்ளிவிடலாம். நாலைந்து அமர்வுக்குப் பிறகும் பேச்சு முழுக்க வராத ஒருவரைப் பற்றியே இருந்தால், “அவரையும் கூப்பிடலாமா?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இருவராக உட்கார்வது

தம்பதி சிகிச்சையை ஊரில் எல்லோரும் பஞ்சாயத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசும்போது யார் மீது தப்பு என்று தீர்ப்பு வரும், ‘இனிமேல் இப்படி நடக்க மாட்டேன்’ என்று ஒருவர் ஒப்புக்கொள்வார், காபி குடித்துவிட்டுக் கலைவார்கள். சேர்த்து வைப்பது ஒன்றே அங்கே நோக்கம். குடும்ப நல நீதிமன்றத்திலும் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்கிறார்கள். அதற்குத் தனிக்கட்டணம் இல்லை, ஆனால் வழக்கு ஏற்கெனவே தொடங்கியிருப்பதால் இருவரும் ஜாக்கிரதையாகத்தான் பேசுவார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் நடக்கும் பேச்சுவார்த்தைக்குப் பின்னால் புகார் நிற்கிறது. தனியார் தம்பதி சிகிச்சையில் தீர்ப்பும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஆலோசகர் பார்ப்பது சண்டையின் ஓட்டத்தை: அவள் கேட்கிறாள், அவர் வாய்மூடுகிறார், அவள் சத்தம் போடுகிறாள், அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நகை, சம்பந்தார் மரியாதை, பிள்ளையின் ஸ்கூல் என்று விஷயம் மாறினாலும் ஓட்டம் மாறாது. அந்த ஓட்டத்தை உடைப்பதுதான் வேலை.

முறையாக நடத்துகிறவர்கள் முதல் அமர்வில் இருவரையும் சேர்த்துப் பார்ப்பார்கள், 75 முதல் 90 நிமிடம். அடுத்து ஒவ்வொருவரையும் தனியாக ஒரு தடவை. நாலாவதில் சேர்த்து உட்காரவைத்து, தாங்கள் கண்டது இது, செய்யப்போவது இது, இத்தனை அமர்வு ஆகும் என்று சொல்வார்கள். பொதுவாக 12 முதல் 20. தனியாகப் பார்க்கும் அமர்வுக்கு முன்பே ஒரு விதி பேசப்பட்டிருக்க வேண்டும்: தனியில் சொல்லும் ரகசியத்தை ஆலோசகர் காப்பாரா, மாட்டாரா? இதைப் பேசாமல் விட்டால், கணவர் தனியில் ஒரு தொடர்பைப் பற்றிச் சொல்லிவிடுவார். ஆலோசகர் அதைத் தெரிந்துகொண்டே மனைவி முன்னால் உட்கார்ந்திருப்பார். என்றாவது அது வெளிப்படும் நாளில் மனைவிக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றியதாகவே படும். அதனால் எங்கள் கட்சி, ‘இங்கே ரகசியம் வைக்க மாட்டேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுகிற ஆலோசகர் பக்கம்.

அந்தத் தனி அமர்வுக்கு இன்னொரு அவசியம் உண்டு. அடி, மிரட்டல், பணத்தையும் போனையும் பறித்துவைத்தல் நடக்கிறதா என்று இருவரிடமும் தனியாகக் கேட்கத்தான் அது. ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டுக்குத் தம்பதி சிகிச்சை ஆகாது. அவள் அறையில் தைரியமாக ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கு அடி விழும். அங்கே வேண்டியது 181 மகளிர் உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணையும், அவளுக்குத் தனிச் சிகிச்சையும். தம்பதி ஆலோசனைக்குப் போகும் முன் இந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்காத இடத்தை நம்ப வேண்டாம்.

ஒருவர் மனசுக்குள் பிரிந்தே போய்விட்டார், மற்றவர் எப்படியாவது சேர வேண்டும் என்கிறார் என்றால் வழக்கமான தம்பதி சிகிச்சை இழுத்துக்கொண்டே போகும். வேண்டாதவர் ஒப்புக்கு வந்துபோவார். இந்த நிலைமைக்கென்றே ஒன்று முதல் ஐந்து அமர்வுக்குள் முடியும் குறுகிய முறை ஒன்று இருக்கிறது. சேர்வதா பிரிவதா என்று முடிவெடுக்க உதவுவது மட்டும்தான் அதன் எல்லை. “முடிவெடுக்கவே வந்திருக்கோம்” என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி வீடுகளில் கணவர் வளைகுடாவில் இருப்பார். லீவு 40 நாள். அதில் பத்து நாள் விருந்துக்கும் பத்து நாள் கல்யாணங்களுக்கும் போய்விடும். இவர்களுக்கு வாரம் ஒன்று என்ற கணக்கு ஒத்துவராது. வருவதற்கு ஒரு மாதம் முன்பே நேரம் வாங்கி, வந்த முதல் வாரத்திலேயே தொடங்கி, வாரத்துக்கு இரண்டு என்று எட்டு அமர்வை நேரில் முடித்துவிட்டு, மிச்சத்தை அவர் திரும்பிப் போன பிறகு வீடியோவில் தொடரலாம். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரமும் சவூதி இரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. இங்கே இரவு 9 மணி என்றால் துபாயில் 7:30, அவர் ரூமில் நாலு பேர் இருக்கும் நேரம். அதனால் அவருடைய வார விடுமுறை நாளின் காலையைக் கேட்டு வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் கிடைக்காது, எந்த ஆப் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் தாம்பத்தியம் நடக்காத தம்பதிகள் நினைப்பதைவிட அதிகம். வெளியே “விசேஷம் உண்டா?” என்று சொந்தபந்தம் கேட்டுக்கொண்டிருக்கும்; உள்ளே இருவரும் பழியை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டிருப்பார்கள். மாமியார் வைத்தியத்துக்கும் லாட்ஜில் உட்காரும் லேகியக்காரருக்கும் கொடுத்த பணமே கணிசமாகியிருக்கும். இதற்குத் தம்பதி சிகிச்சைதான் சரியான அறை. முதலில் மகப்பேறு மருத்துவரும் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரும் பார்த்து உடல்கோளாறு இல்லை என்று சொன்ன பிறகு, சிகிச்சையின் முதல் நிபந்தனையே சில வாரங்களுக்கு உடலுறவு முயற்சி வேண்டாம் என்பதுதான். பயம் போகும்வரை தொடுதலில் மட்டும் படிப்படியாகப் பழகுவது, பெண்ணுக்கு இறுக்கம் இருந்தால் தசையைத் தளர்த்தும் பயிற்சி என்று அது நகரும். ‘வேண்டாம்’ என்ற அந்த நிபந்தனையை மீறி இரண்டாவது வாரமே முயன்று தோற்கிறவர்கள் மறுபடி முதல் படிக்கே வருகிறார்கள். கூட்டுக்குடும்பத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத அறை என்றால் சிகிச்சை அந்தத் தாழ்ப்பாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எல்லோருமாக உட்கார்வது

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது நமக்கு வெளிநாட்டுச் சரக்கு இல்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியோடு உறவினரையும் வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் மனநல மையத்திலும் உறவினர் கூடத் தங்குவது வழக்கமாக நிலைத்தது. வீட்டார் நோயைப் புரிந்துகொண்ட வீட்டில் நோயாளி சீக்கிரம் தேறினார் என்பது கண்ணெதிரே தெரிந்தது.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) இருக்கும் வீட்டில் குடும்ப சிகிச்சையின் பலன் நன்றாகவே நிறுவப்பட்டது. பிரிட்டனின் நைஸ் என்ற சிகிச்சை வழிகாட்டி அமைப்பு, 3 மாதம் முதல் 1 வருடம் வரையான காலத்தில் குறைந்தது 10 அமர்வு வேண்டும் என்கிறது. ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது ஆகிய மூன்றும் அதிகமாக உள்ள வீட்டில் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். அமர்வில் வீட்டார் கற்றுக்கொள்வது எளிய காரியங்கள்தான்: ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு விஷயம், ஒரு சின்ன வாக்கியம். “மாத்திரை போட்டியா, குளிச்சியா, தின்னியா” என்று மூன்றையும் மூன்று பேர் கேட்டால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். தூக்கம் குறைவது, குளிக்காமல் விடுவது, தனக்குள் சிரிப்பது, மாத்திரையைத் துப்புவது என்று அந்த ஆளுக்கே உரிய முன்னறிகுறிகளை ஒரு தாளில் எழுதி, எதைக் கண்டால் எத்தனை நாளுக்குள் மருத்துவரிடம் போவது என்று பீரோ கதவில் ஒட்டிவைக்க வேண்டும். கோயில் கொடைக்கு நேர்ந்துகொள்வதையும் உவரிக்கோ பொட்டல்புதூருக்கோ வேண்டுதலுக்குப் போய்வருவதையும் நல்ல ஆலோசகர் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடமாகவும் கட்டிப்போடுகிற இடமாகவும் அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் தீயில் கருகியவர்கள் 28 பேர். இப்போது சட்டமும் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளை, ராத்திரி முழுக்கப் போனில் இருக்கும் பையன், சாப்பாட்டை ஒதுக்கும் பெண்: இவர்களையும் தனியாக மட்டும் பார்த்தால் அரைகுறையாகத்தான் முடியும். அப்பா ‘போனை உடைப்பேன்’ என்பார், அம்மா ரகசியமாக ரீசார்ஜ் செய்து தருவார். பையனைத் திருத்துவதற்கு முன் அப்பாவும் அம்மாவும் ஒரு விதியில் ஒன்றுபட வேண்டும். அதற்கு இருவரும் உள்ளே வேண்டும்.

அமர்வு 60 முதல் 90 நிமிடம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு முதல் பத்து; மனச்சிதைவு என்றால் மேலே சொன்னபடி பத்துக்குக் குறையாமல். இடைவெளி வேண்டுமென்றே விடப்படுவது. மாற்றம் நடக்க வேண்டிய இடம் வீடு. முதல் நாள் மூன்று தலைமுறைக்கு உறவுப்படம் வரைவார்கள். யார் யாரோடு பேசுவதில்லை, எந்தச் சொக்காரனோடு (பங்காளியோடு) எந்த வருஷம் வழக்கு, எந்தச் சாவைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை என்பதெல்லாம் அதில் விழும்.

இது கெட்டுப்போகும் வழிகள் அதிகம். ஒன்பது பேர் வந்தால் அமர்வு நடக்காது. ஒரே கூரையில் வாழ்கிறவர்கள், அன்றாடம் முடிவெடுக்கிறவர்கள் மட்டும் போதும், நாலைந்து பேர். பெரியப்பா ஒருவரே பேசி முடித்துவிட்டால் மைனியும் சின்னப் பெண்ணும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆலோசகர் “இப்ப நீங்க சொல்லுங்க” என்று ஒவ்வொருவராகத் திருப்பாவிட்டால் அது பஞ்சாயத்தாகிவிடும். எல்லோரும் ஒருவரையே குற்றவாளியாக்கும் கூட்டமாக மாறினால் அந்த ஆள் அடுத்த தடவை வரமாட்டார்.

இன்னொன்றை உரக்கச் சொல்ல வேண்டும். வேறு சாதிப் பையனை விரும்பும் பெண்ணை “மனசை மாத்துங்க” என்று குடும்பமே கூட்டிவரும். 18 வயது நிறைந்தவர் யாரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது நோயில்லை; அதற்குச் சிகிச்சையும் இல்லை. 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவரின் சம்மதத்துக்கு மேல் குடும்பத்தின் அனுமதியோ ஊரின் அனுமதியோ தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. தன்பால் ஈர்ப்பை ‘குணப்படுத்த’ முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை செய்தது. இந்த வேலையை ஒப்புக்கொள்கிற ஆலோசகரிடமிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பெற்றோருக்கு உள்ள துக்கமும் பயமும் நிஜம். அதற்கு அவர்கள் தங்களுக்கென்று ஆலோசனை கேட்கலாம், அது நல்ல பலன் தரும்.

பணம், தூரம், ஆள்

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். கணக்குப் போடும் விதத்தை மட்டும் காட்டுகிறோம். தனிநபருக்கு ஒரு அமர்வு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 அமர்வுக்கு 12,000. நேரம் கூடுதலாகும் தம்பதி அமர்வு 1,500 என்றால் 15-க்கு 22,500. குடும்ப அமர்வு 2,000 என்றால் எட்டுக்கு 16,000. இதோடு பஸ் செலவும், பீடிக் கடைக்குச் சுற்றிய பீடி கொடுக்காத நாளின் கூலியும், கடை அடைத்த அரைநாள் வியாபாரமும் சேரும். தம்பதி சிகிச்சையில் இது இரட்டிப்பு. பெரும்பாலான காப்பீடுகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், வெளிநோயாளி ஆலோசனைக்குத் தராது. கையில் மூன்று மாதப் பணம் இல்லாமல் தொடங்கி நாலாவது தடவையில் நிறுத்துவதைவிட, ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் தொடங்குவது மேல். அங்கே மருந்தும் இலவசம். கூட்டத்தில் 50 நிமிடம் உட்கார்ந்து பேசும் நேரம் கிடைப்பது அரிது, அதுதான் குறை. மருந்தை அங்கேயும் பேச்சைத் தனியாரிடமும் என்று பிரித்துக்கொள்வது தப்பில்லை. இரண்டு பேருக்கும் மற்றவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

‘தெரிஞ்சவங்க பாத்துருவாங்க’ என்று நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் போகிறார்கள். மதுரை 160 கிலோமீட்டர். ஒரு தடவை போய் மருந்து வாங்கி வர அது சரி. வாரவாரம் பேச்சுக்கு யாராலும் போக முடியாது, ஐந்தாவது வாரத்தில் நின்றுவிடும். பக்கத்தில் சாதாரணப் பெயருள்ள, முறையாகப் படித்த ஒருவர், தூரத்துப் பிரபலத்தைவிட நல்லவர். வீடியோ வழி தனிநபருக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் மெத்தைப்படிக்குக் கீழே தங்கச்சி உட்கார்ந்திருக்கும் வீட்டில் மொட்டை மாடியும் ஹெட்ஃபோனும் வேண்டும். ஒரே போனுக்கு முன்னால் நாலு பேர் நெருக்கியடிக்கும் குடும்ப அமர்வு மட்டும் வீடியோவில் சரிப்படுவதில்லை.

ஆளைத் தெரிந்துகொள்ளும் வழி: மருந்து எழுதுகிறவர் சைக்கியாட்ரி படித்த மருத்துவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருப்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்சிஐயின் பதிவெண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை, இணையத்திலேயே சரிபார்க்கலாம். மனநலச் சமூகப்பணியாளர்கள் குடும்ப சிகிச்சையில் நல்ல பயிற்சி உள்ளவர்கள். மூன்று நாள் சான்றிதழ் வகுப்பு முடித்து போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். “தம்பதிகளைப் பார்க்கத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கீங்களா?” என்ற கேள்விக்கு நேரான பதில் வர வேண்டும். தனிநபரைத் திறமையாகப் பார்க்கிறவர் இரண்டு பேர் கத்திக்கொள்ளும் அறையில் திணறுவதுண்டு. ஒருவருக்குத் தனியாகச் சிகிச்சை தந்துகொண்டிருக்கும் ஆலோசகரே பிறகு தம்பதியையும் பார்ப்பது வேண்டாம். பின்னால் வருகிறவருக்கு அவர் எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரிதான் தெரிவார்.

பேசியது வெளியே போகாது என்பதற்கு மேற்சொன்ன 2017 சட்டத்தின் 23-வது பிரிவு காவல். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகர் தேவையானவர்களிடம் அதைச் சொல்லலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்மீது பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதை முதல் அமர்விலேயே சொல்கிறவர் நேர்மையானவர். மருந்துச்சீட்டை விவாகரத்து வழக்கில் ‘மனநோய்’ என்று நீட்டுவதும் இங்கே நடக்கிறது. அதனால் சீட்டையும் கோப்பையும் சிகிச்சை பெறுகிறவரே தன் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

பலன் தெரிகிறதா என்பதை ஊகத்துக்கு விட வேண்டாம். மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித்தாள் இருக்கிறது, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை தேவையா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும். முதல் நாளும் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் எழுதிப் பாருங்கள். ஆறாவது அமர்வுக்குள் 5 மதிப்பெண்கூட இறங்கவில்லை என்றால் முறையை மாற்றுவதா, மருந்து சேர்ப்பதா, வேறு ஆளை உள்ளே கூப்பிடுவதா என்று ஆலோசகரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்.

வர மறுக்கிறவரை ‘வயித்துவலிக்கு ஸ்கேன்’ என்று பொய் சொல்லிக் கூட்டிவருகிறார்கள். வாசலில் போர்டைப் படித்ததும் அவர் திரும்பிவிடுவார், அடுத்து நிஜமாகக் கூப்பிடும்போதும் நம்ப மாட்டார். “உனக்குத்தான் கோளாறு, டாக்டரைப் பாரு” என்பதும் உதவாது. யாருக்குத் தூக்கம் போயிருக்கிறதோ அவர் முதலில் தனியாகப் போகட்டும். இரண்டு தடவை போய்வந்த பிறகு, “எனக்குத் தூக்கம் வரலைன்னு போயிட்டு இருக்கேன். நம்ம ரெண்டு பேரைப் பத்தியும்தான் பேசுதேன். உங்க பக்கமும் அவங்க கேக்கணும்லா, ஒரு தடவை மட்டும் வாங்க” என்று சொல்லலாம். நேரத்தை அவருக்கு வசதியான நாளில் வாங்கிவைத்துவிட்டுச் சொன்னால் மறுக்கக் காரணம் ஒன்று குறையும். அப்போதும் வரவில்லை என்றால் போனவர் நிறுத்த வேண்டாம். வாரவாரம் அதே நாளில் போய்வரட்டும். மூன்றாம் மாதத்தில் “என்னதான் பேசுவீங்க அங்க?” என்று கேட்கிற கணவர்களும் உண்டு, கேட்ட அன்றைக்கே அடுத்த அமர்வை இருவர் பெயரிலும் மாற்றி எழுதிக்கொள்ளச் சொல்லிவிடலாம்.